பென்குயினுக்கு வெளியேற்றக் கடிதம்

'அ'வைத் தட்டிவிட்டுக் கிருபைரட்ணம் மாஸ்ரர் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் திரையில் 'அ' வந்தது. 'அநீதி' என்ற சொல் முடியுமுன் தேத்தண்ணி முடிந்துவிட்டது.

சபையின் நூற்றாண்டு மலருக்கு, ஓய்வுபெற்ற உப அதிபர் என்ற முறையில், அவர் பதினான்கு பக்கத்தில் முன்னுரை எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்ரர் ஜெபசீலன் அதை அரைப் பக்கமாக்கிவிட்டார். நாலு மணிக்குச் செயற்குழு கூடி மலரை அச்சுக்கு அனுப்பப்போகிறது. அதற்குள் கண்டனக் கடிதம் போயாகவேண்டும், பத்துப் பேருக்குப் பிரதியோடு.

பாட்டின் வேகத்திலிருந்து வாங்குப் பலகையில் துருத்திய ஆணி வரை, சபையாருக்குக் கிழமைக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதியவர் அவர். ஒரு மாதமாக இரண்டைத் தாண்டவில்லை. கணினி விட்டால்தானே?

குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார். மகள் ஜெனிற்றா கம்பசுக்குப் போகுமுன், விண்டோஸ் இருந்த கணினியிலேயே லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றிவிட்டிருந்தாள். அதன் அடையாளம் ஒரு பென்குயின். மனைவி நவமணி தன் கேக் ஓடர்களை அதில்தான் எழுதி வைப்பாள்.

"என்ரை பக்கம் நல்லாய்த்தானே ஓடுது" என்றாள் நவமணி.

"ஓடாமல்? என்ரை பங்கையும் சேர்த்தெல்லோ தின்னுது."

ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தார். ஒன்று ஓடும்போது மற்றது நித்திரை, கொஞ்ச இடத்தைத் தவிர வேறெதையும் எடுக்காது என்றாள். ஒரு வளவுக்குள் இரண்டு குடும்பம் இருந்தால் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு பென்குயின் குடியிருந்த பகுதியைத் தேடிப் பிடித்து அழித்தார். கேக் ஓடர்களும் கூடவே போயின.

கணினியை நிறுத்தித் திரும்பத் திறந்தார். கறுப்புத் திரை. தன்னைக் காப்பாற்றச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி. அதையும் அவரிடமே கேட்டது.

மணி இரண்டரை. கணினிப் பெட்டியைத் துவாயில் சுற்றி, கொக்குவில் ஸ்ரேசனடியில் தனுஷிகா நடத்தும் திருத்தகத்துக்கு ஓட்டோவில் கொண்டுபோனார். போன மாதம் நவமணி தூசு தட்டுவிக்கவென்று அதைக் கொண்டுவந்த கடை.

தனுஷிகா அரை மணித்தியாலத்தில் விண்டோசை எழுப்பிக் கொடுத்தாள். இனி முழுக் கணினியும் அவருக்கே. 'அ'வைத் தட்டினார். சுவரில் ஒரு பல்லி பூச்சியைப் பார்த்தது, நகர்ந்தது, பிடித்து விழுங்கியது. 'அ' வந்தது.

மாஸ்ரர் வெடித்தார். இதுவும் ஒரு கடையா, இதைப் பற்றியும் எழுதுவேன், பிரதேச சபைக்கும் பிரதி போகும் என்றார்.

"ஆர் உதுக்குப் பொறுப்பு? இப்பவே சொல்லு."

தனுஷிகா மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

"பென்குயினிலை பிழையில்லை, சேர். விண்டோசுக்குப் போற மெமரியை எட்டிலை ஒண்டாய்க் குறைச்சுவிட்டது நான்தான். நவமணி அன்ரி போன மாசம் அப்பிடிச் செய்யச் சொல்லிக் கடிதம் கொண்டந்தவா, சபையார் அறுபத்திரண்டு பேர் கையெழுத்து வைச்சிருக்கினம், முதல் கையெழுத்து அன்ரியின்ரை. அரைப் பக்கம்தான், வாசியுங்கோ."