வில்லனோடு பேசித் தீர்த்தேன்

ஒரு மனிதன் பதினான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த கதையை, அவன் குழாய் அடைக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில், என் வலது கைக் கட்டை விரலால் முடித்துவைத்தவன் நான். விரல் மட்டும் குற்றவாளி இல்லை. அந்த விரலை இயக்கிய அறிவும், அந்த அறிவின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையும் இதில் கூட்டுக் களவாணிகள்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் தேனியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். மிச்ச நேரத்தில் புத்தக விமர்சனம் எழுதுவேன். என் விமர்சனங்களை வாசிப்பவர்களுக்கு (பதினோரு பேரையும் தனித்தனியாகத் தெரியும்) ஒன்று தெரிந்திருக்கும். எந்த நாவலைக் கொடுத்தாலும் கடைசிப் பத்தியில் 'முடிவு சரியில்லை' என்று எழுதிவிடுவேன். சில நாவல்களில் கடைசிப் பக்கம்வரை போகாமலே எழுதியிருக்கிறேன். 'ஒரு கதை எப்படி முடிய வேண்டும்' என்ற தலைப்பில் ஒரு கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசியதும் உண்டு. அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்றால், நன்றியுரை சொல்ல வந்தவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

என் மனைவியின் தம்பி தங்கப்பாண்டிக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருப்பது அவன் தொழிலில் பாதி. வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, அது போகும்வரை காவல் இருப்பது மீதிப் பாதி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவன் மகள் மது, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று தோட்டத்து வீட்டு டிவியில் ஒரு வீடியோ கேம் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள்.

பொழுது போனது என்று சொன்னால் போதாது. வில்லும் குதிரையும் வைத்திருக்கும் ஒருத்தி, மலை உச்சிக் கோட்டையில் இருந்துகொண்டு ஆற்றை மறித்துவிட்ட ஒருவனைத் தேடிப் போகிற கதை அது. வாரநாட்களில் அப்பா ஆடுவான். லீவில் வரும்போது மகள் ஆடுவாள். குதிரைக்கு மயிலை என்று பெயர் வைத்தார்கள் (அவன் முன்பு வைத்திருந்த உழவு மாட்டின் பெயர்). அதற்கு முன்னால் அவர்களுடைய தொலைபேசி உரையாடல் "சாப்டியா?", "சாப்டேன்", "வைக்கவா?" என்று மூன்றே வரியில் முடிந்துவிடும். இப்போது எந்தப் பாலத்தில் ஏறினால் காவல்காரன் பார்க்க மாட்டான் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை காலை, அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, திராட்சை தின்கிற உயர்ந்த நோக்கத்தோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். டிவியில் ஒரு கோட்டைக் கதவு. அதன் முன்னால் வில்லோடு அந்தப் பெண்.

"அம்பு விடுறதெல்லாம் ஒரு கதையா மாப்ள?" என்று ஆரம்பித்தேன்.

"கிண்டல் பண்ணுங்க மச்சான், பரவால்ல. இந்தக் கதவுகிட்ட வர்றதுக்கு எங்களுக்குப் பதினாலு மாசமாச்சு."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியல. ஞாயித்துக்கெழம மது வாரா. முடிவ ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும்னு பேச்சு."

"உள்ள ஒண்ணும் இருக்காது. இந்த மாதிரிக் கதையில முடிவுன்னு ஒண்ணு வைக்கவே தெரியாது அவனுகளுக்கு."

பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல இருபது வருடப் பயிற்சி வேண்டும். தங்கப்பாண்டிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

"சரி, ஆள மட்டும் காட்டுறேன். கதவத் தெறந்து மூஞ்சியப் பாத்துட்டு வெளிய வந்துருவோம். சண்டை ஞாயித்துக்கெழம."

கதவு திறந்தது. உள்ளே சண்டை இல்லை. நீளமான ஒரு மேசை. அதன் கோடியில் நரைத்த தாடியோடு வில்லன் உட்கார்ந்திருந்தான். தான் ஏன் ஆற்றை மறித்தேன் என்று இங்கிலீஷில் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் நாடும் வறண்ட நாடாம். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "எதிராளிக்கும் ஒரு நியாயம் வச்சு எழுதியிருக்கான் பாரு" என்று மைத்துனனுக்கு இலக்கியம் விளக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே பக்கத்துத் தோட்டத்துக்காரரின் குரல் கேட்டது.

"ஏலே பாண்டி, குழாய் புட்டுக்கிருச்சு. தண்ணி பூராம் ரோட்டுல ஓடுது."

தங்கப்பாண்டி எழுந்தான். "மச்சான், இந்த ரிமோட்டப் புடிங்க. ஒண்ணையும் அமுக்கிறாதீக. சும்மா கையில வச்சிருங்க, போதும்." ஓடிவிட்டான்.

சும்மா வைத்திருந்தேன். கிட்டத்தட்ட அரை நிமிடம்.

வில்லன் பேசி முடித்துவிட்டு எதிர் நாற்காலியைக் காட்டினான். 'வா, உட்கார்' என்றான். திரையில் இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று வெட்டு, மற்றது உட்கார். கீழே ஒரு நீளமான சிவப்புக் கோடு சுருங்கிக்கொண்டே வந்தது. அது தீர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தங்கப்பாண்டியைக் கூப்பிட்டேன். மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எதுவானாலும், இரண்டு பக்கமும் தொண்டை வற்றக் கத்துவார்கள். எதிராளி "மொதல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டால் பாதி விவகாரம் முடிந்தது. டீ வரும். ஒருவன் வீட்டு டீயைக் குடித்தபின் அவன்மேல் கை நீட்ட முடியாது. இப்படி நாலைந்து பஞ்சாயத்துகளில் நானே நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இவன் ஆற்றை மறித்தவன்தானே? முறை வைத்துவிட்டால் போயிற்று. மூன்று நாள் அவனுக்கு, நாலு நாள் நமக்கு. பதினான்கு மாதமாக இந்த யோசனை இவர்களுக்கு வரவில்லையே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே 'உட்கார்' என்பதை அமுக்கினேன்.

அவள் வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கோப்பை வந்தது. டீ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குடித்தாள். கண் மங்கியது. எழுந்துபோய் அவன் காலடியில் மண்டியிட்டாள். அவன் ஒரு இரும்பு வளையத்தை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினான். கோட்டைக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மயிலை தனியாக நின்றது. அதன் முதுகில் பனி ஏற ஏற, வராத ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின.

எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். பெயர்கள் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன். திரையில் 'புதிய ஆட்டம்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த விளையாட்டில் ஒரு கதைக்கு ஒரு முடிவுதானாம். முடிந்தால் பழையது அழிந்துவிடுமாம். வாழ்க்கை மாதிரி இருக்கட்டும் என்று செய்தார்களாம். (இதை ஒரு நாவலில் படித்திருந்தால் பாராட்டி எழுதியிருப்பேன்.)

முழங்கால்வரை சேறோடு தங்கப்பாண்டி வந்தான். "என்ன மச்சான், டிவி இப்பிடி நிக்குது?"

"கரண்ட் ஒரு தடவ போயிட்டு வந்துச்சு மாப்ள."

அவன் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டான். வெளியே மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாரு நிக்கலையே மச்சான்."

மின்சாரம் ஒரு இமைப்பொழுது போனாலும் அந்த மோட்டார் நின்றுவிடும். கையால்தான் மறுபடி போட வேண்டும். திராட்சைக்காரனிடம் மின்சாரத்தைப் பொய்ச் சாட்சிக்கு அழைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். தோல்வியும் ஒரு முடிவுதான், துயரத்தில் முடியும் கதைகளே மனதில் நிற்கும், அந்தக் குதிரை பனியில் நிற்கும் காட்சி மிக உயர்ந்த காட்சி என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அவன் சேறு காயும்வரை கேட்டான்.

"மதுட்ட நீங்களே சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனான்.

மதுவிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மயிலை?" என்றாள்.

"பனியில நிக்குதும்மா."

"தனியாவா?"

"ஆமா."

போன் வைக்கப்பட்டது.

வீட்டில் என் மனைவி விசாரணை நடத்தினாள். "எந்தம்பி என்னைக்காச்சும் உங்க புஸ்தகத்த எடுத்துக் கடைசிப் பக்கத்தக் கிழிச்சிருக்கானா?" என்று கேட்டாள். அன்று முதல் அந்த ஞாயிற்றுக்கிழமைவரை எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு போய் நின்றேன். மது பொட்டலத்தை வாங்கவில்லை.

"எதுக்கு மாமா உக்காருன்னு அமுக்குனீக?"

"அவன் உக்காரச் சொன்னான்."

"சொன்னா? அவன் நாலு ஊர எரிச்சவன்."

"நம்ம பக்கம் வைக்கப்போர எரிச்சவனக்கூட உக்கார வச்சுத்தாம்மா பேசியிருக்கோம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்பாவும் மகளும் முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதற்குப்பின் கடைசிக் கட்டம் எதிலும் எனக்கு வேலை இல்லை. தோட்டத்தில் புது மோட்டாருக்குப் பூஜை போட்டபோது, ஸ்டார்ட்டர் அருகே நின்ற என்னை என் மனைவி கையைப் பிடித்து நாலடி தள்ளி நிறுத்தினாள். யாராவது எளிதில் ஏமாந்தால், "உக்காரச் சொன்னா உக்காந்துருவாக போல" என்கிறார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாக.

பதினோரு மாதம் கழித்து மறுபடி அந்தக் கோட்டைக் கதவுக்கு வந்தார்கள். பெருந்தன்மையாக என்னையும் அழைத்தார்கள். ரிமோட் எட்டாத தூரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. இம்முறை 'வெட்டு' என்பதை அமுக்கி, மாறிமாறி ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். வில்லன் விழுந்தான். ஆறு பாய்ந்தது. ஊர் ஜனம் கைதட்டியது. அவள் மயிலையின் மேல் ஏறிக் கையசைத்தாள். பெயர்கள் ஓடின. மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

தங்கப்பாண்டி ரிமோட்டைக் கீழே வைக்காமலே இருந்தான். "அம்புட்டுத்தானா?" என்றான்.

எனக்குள்ளே விமர்சகன் மெல்ல எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

மது பெருமூச்சு விட்டாள். "மாமா முடிச்ச முடிவே தேவலப்பா."

பதினோரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "நான் அன்னைக்கே சொன்னேன். அந்தக் குதிரை நிக்கிற காட்சியில ஒரு துயரம்..."

"அது இல்ல மாமா" என்றாள். "அப்பயாச்சும் திட்டுறதுக்கு ஒரு ஆளா நீங்க இருந்தீக."