மாட்டுக்குக் கொசுவலை கட்டியவர்

திருச்சுழி தாலுகாவிலேயே மாட்டிடம் அரபியில் பேசிய ஒரே மனிதர் எங்கள் தெரு ஒட்டகப் பாய்தான். வளைகுடாவில் பல வருஷம் ஒட்டகம் மேய்த்துவிட்டுத் திரும்பியவர், ஊரில் ஒரு கறவை மாடு வாங்கினார். "இது நின்னா நானும் ஊர்ல நிப்பேன்ப்பா. இல்லேன்னா மறுபடியும் ஒட்டகந்தேன்" என்பார்.

அந்த நேரம் பார்த்து நரிக்குடிப் பக்கம் மாட்டு அம்மை பரவியது. உடம்பெல்லாம் கழலை கழலையாக எழும்பி மாடுகள் செத்தன. டாக்டரம்மா ஊசியோடு வந்தார். அது ஆட்டு அம்மைக்கான மருந்து என்று தெரிந்ததும் பாய் குறுக்கே நின்றுவிட்டார்.

"ஏம்மா, எம் மாட்டப் பாத்தா ஆடு மாதிரியா இருக்கு?"

"ரெண்டு கிருமியும் அண்ணன் தம்பி மாதிரி, பாய். ஊசி போட்டா ரத்தத்துல காவக்காரங்க உண்டாவாங்க. ஆன்டிபாடின்னு பேரு. அண்ணன் சாடை தெரிஞ்சவங்க தம்பியையும் பிடிச்சுருவாங்க."

"எப்ப டூட்டிக்கு வருவாக?"

"மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஈ, கொசு அண்ட விடாதீங்க" என்றபடி ஊசியைப் போட்டார்.

போதாதா? மறுநாள் தொழுவத்தில் ரோஸ் கலர் கொசுவலை தொங்கியது. மாடு அதில் பாதியைத் தின்றது. மீதியைத் தைத்துக் கட்டிவிட்டு, பகல் முழுக்கத் துண்டை வீசிக்கொண்டு நின்றார்.

"என்ன பாய், பொண்ணுக்குக் கல்யாணமா? மாப்பிள்ளை எந்த ஊரு?" என்றார் டீக்கடைக்காரர்.

"சிரிங்க, சிரிங்க. அவுக வர்ற வரைக்கும் நாந்தேன் காவக்காரன்."

வாய் திறக்கக் கூச்சப்படும் என்னையும் அவர் விடவில்லை. "ஏப்பா, அந்தப் பக்கம் நின்னு வீசு. உன்னைய பேசவா சொல்றேன்?"

வீசினேன்.

ஒரு மாதம் கழித்து அடுத்த தொழுவத்துக்கே அம்மை வந்தது. ஊசி போடாத காளை, படுத்த இடத்தை விட்டு எழவில்லை. பாயின் மாட்டுக்கும் லேசாகக் காய்ச்சல். கழுத்தில் இரண்டு கழலை. பாய் சோற்றைத் தொடவில்லை. பிறகு கழலை தானாக அமுங்கியது. மாடு வைக்கோலை இழுத்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரபியில் ஆரம்பித்தவர், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். "டூட்டிக்கு வந்துட்டாகடி, தாயீ! வந்துட்டாக!"

மாடு நின்றது. பாயும் நின்றார், இரண்டு வருஷம்போல. அப்புறம் பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். ஒரு மாட்டுப் பால் எத்தனைக்குத்தான் ஆகும்? மாட்டை என்னிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருகிறார். "மாட்டக் காட்டுப்பா" என்பார். காட்டுவேன். உடனே, தொழுவத்தில் சிக்னல் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி டீக்கடை, பள்ளிவாசல் என்று அவர் வீட்டு வாசல் வரைக்கும் மெதுவாக நடப்பேன். மாட்டைப் பற்றி அதற்கப்புறம் அவர் கேட்பதில்லை.