சயோரிக்கு மாலை போட்ட விவகாரம்

மயூர் விஹார், தில்லி
ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்ரீதருக்கு,

உன் அக்கா புருஷன் பூவராகவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், கடலூரில் நீயும் கவிதாவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். ஆனால் நேற்று நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

"எங்க அக்கா போட்டோவுக்கு ரெண்டு வருஷமா ஒரு மாலை போட மனசு வரல. எவளோ ஜப்பான்காரிக்கு ஹால் புடிச்சு மாலை போட்டு அழுதீங்களாமே, மாமா" என்று கேட்டாய். பதில் சொல்ல இடம் கொடுக்கவில்லை. திரும்ப அழைத்தால் எடுக்கவும் இல்லை. உனக்குச் செய்தி சொன்னவர் எங்கள் சொசைட்டி செயலாளர் பாலசுப்ரமணியம்தான் என்று தெரியும். உன் அக்கா தங்கத்தின் காரியத்துக்கு நீ வந்தபோது உன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். பாதி தெரிந்தால் போதும், மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார். முழுவதையும் நான் சொல்கிறேன், கேள்.

அந்தப் பெண் பெயர் சயோரி. பனிக்கட்டித் தரையில் ஸ்கேட்டிங் ஆடுகிறவள், இரண்டு முறை உலக சாம்பியன். உன் அக்காவுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்து, மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவதே யாத்திரை போல ஆகிவிட்ட வருஷத்தில், டிவியில் சீரியல் தேடப் போனவள் இந்தப் பெண்ணிடம் வந்து நின்றுவிட்டாள். அன்றைக்கு அது மூன்று முறை விழுந்தது. பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று நான் ரிமோட்டை எடுத்தேன். "இருங்க. விழுந்தத விடுங்க. எழுந்திரிச்சா பாருங்க, அதப் பாருங்க" என்றாள். அதிலிருந்து ஏழு வருஷம் பார்த்தோம். ஜப்பானில் போட்டி என்றால் நமக்கு மதியம் மூன்று மணி. அன்றைக்கெல்லாம் ஒரு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடும். சயோரி எம்பிக் குதிக்கும்போது தங்கம் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், அது சரியாகக் கால் ஊன்றியதும் விடுவாள். ஜெயித்தால் உப்பும் மிளகாயும் எடுத்து டிவிக்கு மூன்று சுற்று சுற்றி கேஸ் அடுப்பில் போடுவாள். பக்கத்து ஃபிளாட் பாட்டியா குடும்பம் மொத்தமும் இருமும். எதற்கு என்று அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சயோரி என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "நம்ம பொண்ணு" என்றுதான் சொல்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லாதது உனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தங்கம் போன பிறகும் நான் தனியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன பிப்ரவரியில் சயோரி ஓய்வு பெறுவதாக அறிவித்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நாலு மைக் முன்னால் வந்தது, நன்றி சொன்னது, இடுப்பு வரை குனிந்தது, போய்விட்டது. அவ்வளவுதான், மாப்பிள்ளை. பதினான்கு வருஷ சர்வீஸ், ஒரு மாலை கிடையாது, சால்வை கிடையாது. நான் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீஸில் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். மாதக் கடைசி நாளில் யார் ஓய்வு பெற்றாலும் மாலை, சால்வை, சமோசா, பர்ஃபி, நாலு பேர் பேச்சு, பிறகு ஆபீஸ் காரில் வீடு வரை கொண்டுவிடுவது, எல்லாம் என் ஏற்பாடுதான். காலமெல்லாம் திட்டித் தீர்த்த அதிகாரிக்குக்கூட நான் குறை வைத்ததில்லை. என்னுடைய விழாவில் தங்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து என் மாலையைக் கதவில் மாட்டிவிட்டு, "மரியாதையா அனுப்பி வச்சாங்க, அது போதும்" என்றாள். இந்தப் பெண்ணை அப்படி யாருமே அனுப்பி வைக்கவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 31-ஐ முடிவு செய்தேன். கம்யூனிட்டி ஹால் பிடித்தேன். வாட்ஸ்அப் குரூப்பில், சயோரிக்குப் பிரிவுபசாரம், மாலை நான்கு முதல் ஐந்து வரை, தங்கம் பூவராகவன் குடும்பத்தினர் என்று இங்கிலீஷில் போட்டேன். பிசகு அங்கேதான் ஆரம்பம். தில்லியில் ஹால் பிடித்து நான்கு முதல் ஐந்து வரை என்று போட்டால் அது செத்துப்போனவர்களுக்கு நடத்துகிற பிரார்த்தனைக் கூட்டம் என்று நாற்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்கு உறைக்கவில்லை. போட்டோ கடைக்காரரிடம் சயோரியின் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பிறந்த வருஷம் கேட்டார், சொன்னேன். கடைசி நாள் கேட்டார், மார்ச் 31 என்றேன். தேதி இன்னும் வரவில்லையே என்று அவர் தயங்கினார். எல்லாம் தீர்மானமாகிவிட்டது, நீங்கள் போடுங்கள் என்றேன். இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டு படத்துக்குக் கீழே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

படத்தை நாற்காலியில் வைத்து, சால்வை போர்த்தி, சாமந்தி மாலை போட்டேன். கொசு அதிகமாக இருந்ததால் நாலு ஊதுவத்தி ஏற்றினேன். இப்போது எழுதும்போது எனக்கே புரிகிறது. அப்போது புரியவில்லை. நாலு மணிக்கு முதல் ஆளாகப் பாட்டியா வெள்ளைக் குர்த்தாவில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே ஐம்பது பேர், எல்லோரும் வெள்ளை. சி பிளாக்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "பேட்டீ தீ?" என்று கேட்டாள். உங்கள் மகளா என்கிறாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. தங்கம் ஏழு வருஷம் நம்ம பொண்ணு என்று சொன்னதை ஒரு நொடியில் நான் எப்படி இல்லை என்பது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பாலசுப்ரமணியம் மைக்கைப் பிடித்து, சின்ன வயதில் வாடிய மலர் என்று பத்து நிமிஷம் பேசினார். அறுபது சமோசாவில் ஒன்றைக்கூட ஒருவரும் தொடவில்லை. கடைசியில் இரண்டு நிமிஷம் மௌனம் என்று எல்லோரையும் எழுப்பி நிறுத்தினார்.

இனிமேல் சொல்வதுதான் பாலசுப்ரமணியத்துக்குத் தெரியாதது. கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். பாட்டியா மனைவி உட்கார வந்தபோது ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதற்குச் செய்தேன் என்று யோசிக்கவே இல்லை. எந்த விழாவுக்குப் போனாலும் நான் முன்னால் ஓடிப்போய் இடம் பிடிப்பேன், மூட்டு வலிக்காரி மெதுவாக வந்து சேருவாள், அதே பழக்கம். மௌனத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, இந்தக் கூத்தைப் பார்த்தாயா என்று சொல்லத் திரும்பினேன். அங்கே கைக்குட்டை மட்டும் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீ கேள்விப்பட்ட அழுகை அதுதான். ஜப்பான்காரிக்கு இல்லை. உன் அக்கா போன அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை என்பதில் உனக்கு மனவருத்தம் உண்டு, தெரியும். அன்றைக்கு நான் சர்டிபிகேட், படிவம், கையெழுத்து என்று நிர்வாகப் பிரிவாகவே இருந்துவிட்டேன்.

ஹால் காலியானதும் உயிரோடு இருக்கிற பெண் படத்துக்கு மாலை போட்டோமே என்று பதறி அதைக் கழற்றினேன். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். அது நூறு வயது இருக்கட்டும். பாட்டியா வீடு இருமியது.

இனி என் தீர்மானத்தைக் கேள். நீ சந்தன மாலையோடு அனுப்பிய தங்கத்தின் படம் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அதை நான் மாட்டப்போவதில்லை. மாலை போட்டால் முடிந்தது என்று அர்த்தம், எனக்கு அந்தத் தைரியம் இல்லை, இனி வற்புறுத்தாதே. அடுத்த மாதம் திதிக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கேட்டிங்கும் இனிப் பார்ப்பதாக இல்லை.

கவிதாவுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாளோ அதையும் சேர்த்துக்கொள். கோபம் தீராவிட்டாலும் போனை மட்டும் எடு.

இப்படிக்கு,
பூவராகவன்

பி.கு.: உறை எடுக்க பீரோவைத் திறந்தேன். பார்சல் கையில் தட்டுப்பட்டது, பிரித்துவிட்டேன். என்னுடைய விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் பெரிதாக்கியிருக்கிறாய், சொல்லவே இல்லையே. டிவிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜூனியர் போட்டி, பதினான்கு வயதில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறதாம், நிறைய விழுகிறதாம், உன் அக்கா பார்க்க வேண்டும். திதிக்கு ரயிலில் இடம் போட்டுவிட்டேன், ஸ்டேஷனுக்கு வா. சந்தன மாலையையும் போட்டேன். போட்டுவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். இதைப் பார்க்க பாலசுப்ரமணியம் இல்லை என்பதால் நானே உனக்குத் தெரியப்படுத்துகிறேன்.