பஸ்ஸில் மிஞ்சிய வெள்ளரித் துண்டுகள்

பினாங்குத் தீவில் ஒருவர் சாப்பிடும் பழக்கத்தை இன்னொருவர் மாற்றிவிட முடியும் என்று நம்பிய ஒரே மனிதர் தீமுன் அண்ணன்தான். அந்த நம்பிக்கை எவ்வளவு வீண் என்பதற்கு உயிருள்ள சாட்சி நான். என் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை வாரம் மூன்று நாள் ஓர் இயந்திரம் செய்கிறது. அதன் பக்கத்தில் நான்கு மணி நேரம் மல்லாந்து படுத்துக்கொண்டு அவரைப் பற்றி யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அப்போது நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். டத்தோ கிராமாட்டில் எங்களை ஏற்றிக்கொண்டு ஜெலுத்தோங் வழியாகப் போகும் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர் அவர். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய லைசென்சுக்கு மட்டும்தான் தெரியும்.

வழியில் ரொட்டிக் கடை வாசலில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். சாமி கும்பிட மறந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் மறந்ததில்லை. பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், அதன்மேல் குழம்பு, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ. உட்கார இடம் கிடைக்காதவர்கள் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி பஸ்ஸிலேயே பசியாறுவோம். தேங்காய்ப்பால் சோறு, மிளகாய்ச் சம்பால், நெத்திலி, கடலை, முட்டை எல்லாம் உள்ளே போய்விடும். ஓரமாக வைத்திருக்கும் இரண்டு வெள்ளரித் துண்டு மட்டும் சீட்டுக்கு அடியில் போகும். வெள்ளரிக்காயை நாங்கள் தீமுன் என்போம். அதற்குப் பெயர் வைத்ததோடு எங்கள் உறவு முடிந்தது.

பஸ்ஸைக் கூட்டுவதும் அவர்தான். வருஷக்கணக்காக அவர் கூட்டித் தள்ளியது பெரும்பாலும் தீமுன்.

அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வரும் மணியம் அவருடைய கூட்டாளி. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி மணியத்தின் ஒரு காலை எடுத்தார்கள். சில மாதங்களில் மணியமும் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் பஸ் ரொட்டிக் கடையில் நிற்கவில்லை.

"அண்ணே, கடை தாண்டிருச்சுலா," என்றேன்.

"தெரியும். பின்னால பெரிய டப்பா இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்க."

டப்பாவில் அவித்த முட்டை, பப்பாளி, மலைபோலத் தீமுன். விடியுமுன் பசாருக்குப் போய் வாங்கி, அவரே நறுக்கியது.

"என்னாண்ணே இது, முயலுக்கு வைக்கிற மாதிரி?"

"முயலுக்கு யாரும் கால எடுக்கல," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "இந்த பஸ்ல இன்னொரு சீட்டு காலியாவக் கூடாது. அவ்வளவுதான்."

அன்று முதல் அவர் தீமுன் அண்ணன்.

நான் சும்மா இருப்பேனா? முதல் நாள் மாலையே நாசி லெமாக் வாங்கி, மறுநாள் காலை அதைக் கைப்பைக்குள் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ஏறினேன். கெலுகோர் தாண்டியதும் பஸ் ஓரமாக நின்றது.

"சம்பால் வாசம் வருது. யாருகிட்ட?"

எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

"எனக்கு அவசரம் இல்ல. பஞ்ச் கார்டு உங்களுக்குத்தான்."

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "ராத்திரி பூரா வச்சிருந்தியா? புளிச்சுப் போச்சு." பொட்டலத்தைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டு தீமுன் துண்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்து பஸ்ஸைக் கிளப்பினார்.

அடுத்து பஸ் படியில் எடை பார்க்கும் மெஷின் வந்தது. திங்கட்கிழமைதோறும் ஏறி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகலாம். எடையை மார்க்கர் பேனாவால் அவரவர் சீட்டுக்கு மேலே எழுதிவைப்பார். மூன்று மாதம் கழித்து எல்லாருடைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் பாக்கி இல்லாமல் பஸ்ஸே பெருத்திருந்தது. நான் மட்டும் நான்கு கிலோ.

"எப்படிலா?" என்று என்னிடம்தான் கேட்டார். மெஷினைத் தூக்கிக் குலுக்கியும் பார்த்தார்.

எனக்கு மறைக்க மனம் வரவில்லை. "ஒம்பது மணிக்கு கேன்டீன் தொறப்பாங்கண்ணே. காலையில தீமுன்தானே சாப்பிட்டோம்னு ஆளுக்கு ரெண்டு பிளேட்டு அடிக்கிறோம்."

மெஷினைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் உங்களுக்குப் பசிய வளத்து விட்டிருக்கேன்," என்றார்.

மறுநாள் பஸ் ரொட்டிக் கடையில் நின்றது. நாங்கள் விடுதலை பெற்றவர்கள் போல இறங்கி ஓடினோம். அவர் இறங்கவில்லை, மணியத்தின் சீட்டைத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு ரொட்டி தின்றேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷமே எனக்கும் இனிப்புநீர் என்றார் டாக்டர். தைப்பூசம் முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று வாயைக் கட்டுவதைத் தள்ளிப்போட்டே பல வருஷம் ஓட்டினேன். கடைசியில் சிறுநீரகம்தான் முடிந்தது.

செய்தி எப்படிப் போனதோ, இயந்திரத்துக்குப் போக வேண்டிய முதல் நாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஓய்வுபெற்று, முடி முழுக்க நரைத்த தீமுன் அண்ணன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "முன்னால உக்காரும்மா," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

என் மடியில் ஒரு சின்ன டப்பாவை வைத்தார். "நர்சுகிட்ட கேட்டேன். பப்பாளி, வாழப்பழம் எல்லாம் இனிமே உனக்கு யோசிச்சுத்தான் கொடுக்கணுமாம். தீமுன் கொஞ்சம் சாப்பிடலாம்னாங்க."

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் அவர்தான் கூட்டிப் போகிறார். வழியில் அதே ரொட்டிக் கடை. அதே மாதிரி ஒரு தொழிற்சாலை பஸ், வாசல் நிறைய இளசுகள், கையில் பொட்டலம். அண்ணன் காரை மெதுவாக்கிப் பார்ப்பார்.

"சொல்லிப் பாக்கலாமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க," என்றார். "நீ கேட்டியா?"

டப்பாவைத் திறந்தேன். எனக்கு இன்றைக்கும் தீமுன் பிடிக்காது. ஆனால் அவர் கூட்டும்படி அந்தக் காரில் ஒரு துண்டுகூட நான் கீழே போட்டதில்லை.