சடையன் சிரித்த வழக்கு

விளையாட்டு உலகத்தில் ஒழுக்கம் என்று ஒன்று இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்காக ஒலிம்பிக் கமிட்டிக்காரர்கள் யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அது பிறந்தது திருவண்ணாமலையில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில், மாடியில், ஏழாம் நம்பர் ரூமில். வருஷம் 1978. பிரசவம் பார்த்தவர்கள் மூன்று பெரிய மனிதர்கள். குழந்தை நலம், பெரிய மனிதர்களும் நலம். சடையன் மட்டும்தான் கொஞ்சம் அவதிப்பட்டான்.

சடையன் கபடி ஆடுகிறவன். பொழுது போகாமல் ஆடுகிறவன் இல்லை, சம்பளத்துக்கு ஆடுகிறவன். ஸ்ரீ கோதண்டராமா பஸ் சர்வீஸ் முதலாளி கோதண்டராமன் சொந்தமாக ஓர் அணி வைத்திருந்தார். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் கம்பெனியில் 'கண்டக்டர்' உத்தியோகம். ஒருத்தனும் ஒரு டிக்கெட் கிழித்ததில்லை. அணியிலேயே கெட்டிக்காரன் என்பதால் சடையனுக்குச் 'செக்கிங் இன்ஸ்பெக்டர்' பதவி. அவன் பஸ்ஸில் ஏறினால் யாரையும் செக் செய்ய மாட்டான். ஜன்னலோரமாகப் பார்த்துத் தூங்குவான்.

ஆனால் வேலை தற்காலிகம். இந்த வருஷம் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தால் பெர்மனென்ட் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் விவசாயி தருமன், தன் மகள் கஸ்தூரியைச் சடையனுக்குக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றியிருந்தார். "வேலை பெர்மனென்ட் ஆவட்டும் மாப்ள, மறுநாளே பத்திரிகை அடிச்சிடறேன்" என்று ஒரே ஒரு நிபந்தனை. சடையனுக்குக் கஸ்தூரி என்றால் உயிர். எனவே வேலையும் உயிர்தான். அது இல்லாமல் இது கிடைக்காதே.

விபரீதம் அரையிறுதி ஆட்டத்தன்று மத்தியானம் நடந்தது. நெஞ்சு படபடக்கிறதே என்று சடையன் அடி அண்ணாமலைப் பக்கம் காலாற நடந்தான். புளியமரத்தடியில் ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். "ஏம்பா மூஞ்சி தொங்கிப்போயிருக்குது? உக்காரு, மனசு லேசாவும்" என்று கஞ்சாச் சிலும்பியை நீட்டினார். சடையன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தான். மனசு லேசாயிற்று. கூடவே தலையும்.

சாயங்காலம் ஆட்டம். கபடியில் எதிராளி பக்கம் ஏறிப் போகிறவன், நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வரும்வரை 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் அவுட். சடையன் பாடிக்கொண்டு போனான். எதிரே ஆரணி அணியின் பிடிகாரர் ஒருவர் கையை விரித்து, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றார். எல்லா ஆட்டத்திலும் அவர் அப்படித்தான் நிற்பார், பாவம். அன்றைக்கு மட்டும் சடையனுக்கு, வருங்கால மாமனார் மணிலாக்கொட்டை மூட்டையைத் தூக்க முடியாமல் நிற்பது போலவே தெரிந்தது.

"கபடி கபடி கப... கி... கிகிகி..."

அவ்வளவுதான். சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் களத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆரணிக்காரர்கள் இவனைப் பிடிப்பதா, தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் நடுவரைப் பார்த்தார்கள். ஒரு பாயின்ட் போயிற்று. மற்றவர்கள் எப்படியோ முட்டி மோதி ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். அணி ஜெயித்து என்ன செய்ய? ஒழுக்கம் தோற்றுவிட்டதே!

இது கஞ்சாச் சிரிப்புதான் என்று முதலாளி துடித்துப்போனார். உடனே 'ஒழுங்கு நடவடிக்கைக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், அவரே. மருத்துவ நிபுணர், டாக்டர் ராமதாஸ். செயலாளர், அணியின் மேனேஜர் சம்பந்தமூர்த்தி.

மூவருமே போதைக்குப் பரம விரோதிகள். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. குடித்தால் ஜெயில். ஆனால், குடிக்காவிட்டால் இவருக்கு உடம்பு கெட்டுவிடும் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் சர்க்காரே பர்மிட் தரும். பர்மிட் உள்ளவர் குடிப்பது குடி ஆகாது, சிகிச்சை. முதலாளிக்கு அப்படியொரு பொல்லாத வியாதி. எழுதிக் கொடுத்தவர் டாக்டர் ராமதாஸ். தொற்றுவியாதி போலிருக்கிறது, கொஞ்ச நாளில் டாக்டருக்கும் வந்துவிட்டது. சம்பந்தமூர்த்தி மட்டும் பிராந்தி இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காத உத்தமர். அவருக்கு இருந்ததெல்லாம் அஜீரணம். அதற்கு அடி அண்ணாமலையில் ஒரு சாமியார் உருட்டிக் கொடுக்கிற லேகியத்தைத் தினமும் நெல்லிக்காய் அளவு விழுங்குவார். அதில் என்ன சேர்மானம் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் பலன் போய்விடுமாம்.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு லாட்ஜின் ஏழாம் நம்பர் ரூமில் தொடங்கியது. மேசைமேல் பாட்டில், சோடா, மிக்சர், லேகிய டப்பா. சடையன் கதவோரம் கைகட்டி நின்றான்.

"ஏன்டா சிரிச்ச?" என்றார் முதலாளி.

"சிரிப்பு வந்துச்சிங்க."

"எங்கேர்ந்து வந்துச்சி?"

"வயித்துலேர்ந்துதாங்க."

"கவனிக்கணும்" என்றார் டாக்டர், கிளாஸை வைத்துவிட்டு. "காரணம் கேட்டா எடத்தைச் சொல்றான். கஞ்சா கேஸ்ல இதான் முதல் அறிகுறி."

"இழுத்தியாடா?" என்றார் முதலாளி.

சடையன் தரையைப் பார்த்தான். ஆமாம் என்றால் கஸ்தூரி இல்லை. இல்லை என்றால் பொய்.

குழு அநியாயமாக யாரையும் தண்டிக்கிற குழு அல்ல. அதனால் விஞ்ஞானப் பரிசோதனை ஒன்றுக்கு ஏற்பாடாயிற்று. "கஞ்சா உடம்புல பதுங்கிக் கெடக்கும். சிரிப்பா வெளிய வரும்" என்று டாக்டர் விளக்கினார். "தலைவர் ஒழுக்கத்தைப் பத்திப் பேசட்டும். பேசி முடிக்கிறவரைக்கும் சிரிக்காம நின்னான்னா நிரபராதி. சிரிச்சான்னா சீட்டைக் கிழிச்சிட வேண்டியதுதான்."

சடையனுக்கு உயிர் வந்தது. பேச்சைக் கேட்பதுதானே? பஸ் கம்பெனி ஆண்டுவிழாவில் இதைவிட நீளமான பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறான்.

முதலாளி ஒரு வேளை மருந்தை உள்ளே தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒழுக்கம்னா இன்னா? ஒழுக்கம் ஒரு பஸ்ஸு மாதிரி. டயத்துக்குக் கெளம்பணும். டயத்துக்குப் போய்ச் சேரணும்."

"நம்ம பஸ்ஸு என்னிக்குங்க டயத்துக்குக் கெளம்பிச்சி?" என்று சம்பந்தமூர்த்தி ஆர்வமாகக் கேட்டார். லேகியம் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

"அது டிரைவர் தப்பு. ஒழுக்கத்துக்கு டிரைவர் இல்ல. ஒழுக்கத்துக்கு ஸ்டெப்னி இருக்குதா? இல்ல! பஞ்சர் ஆனா ஆனதுதான்!" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர், நம்ம வேட்டவலம் வண்டி பஞ்சராயி நடுரோட்டுல நின்னுச்சே, அந்தக் கொழந்தை இப்ப எப்படிக்கீது?"

"டோஸைக் கூட்டிருக்கேன். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

சடையனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கன்னத்தைக் கடித்தான். தொடையைக் கிள்ளினான். கஸ்தூரியை நினைத்தான், அவளும் அந்த வண்டியின் உடம்பை விசாரிக்கிற மாதிரியே இருந்தது. ஐயோ அண்ணாமலையாரே! கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையிலெடுத்தான். பாட்டு ஓடுகிறவரை சிரிப்பு நுழைய முடியாதல்லவா? உதட்டுக்குள் மெதுவாக ஆரம்பித்தான்: "கபடி கபடி கபடி கபடி..."

அது முதலாளியின் காதில் விழுந்தது. அவர் சின்ன வயசில் பேர்போன பிடிகாரர். பேச்சு அந்தரத்தில் நின்றது. உடம்பு குனிந்தது, கை விரிந்தது.

"ஏறி வந்துட்டான்டா! சம்பந்தம், காலைப் புடி! டாக்டர், இடுப்பு!"

குழு பாய்ந்தது. முதலாளி மேசையைத் தாண்டித் தாவினார். டாக்டர் இடுப்பைப் பிடித்தார். அது சம்பந்தமூர்த்தியின் இடுப்பு. சம்பந்தமூர்த்தி காலைப் பிடித்தார். அது நாற்காலியின் கால். சடையன் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. கை பழக்கத்தில் மூன்று பேரையும் தொட்டது, கால் பழக்கத்தில் வாசற்படியைத் தாண்டி வராந்தாவில் குதித்தது.

"மூணு பேரும் அவுட்டு!" என்று பக்கத்து ரூமில் தங்கியிருந்த யாரோ கத்தினார்கள்.

உள்ளே குழு மிக்சர்மேல் புரண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளி டாக்டரைக் காட்டிச் சிரித்தார். டாக்டர் நாற்காலியைக் காட்டிச் சிரித்தார். சம்பந்தமூர்த்தி யாரையும் காட்டவில்லை. அவர் பாட்டுக்குச் சிரித்தார். சடையன் மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் குழு அவ்வளவு சுலபமாக ஏமாறுகிற குழுவா? மூச்சு வாங்கியபின் டாக்டர் அறிக்கை அளித்தார். "இவ்ளோ சிரிப்புக்கு நடுவுல இவன் சிரிக்கல. நார்மலான மனுஷன்னா சிரிச்சிருப்பான். கஞ்சா மூளைக்கு ஏறிடுச்சி. முத்தின கேஸ்."

"உடனடி வேலை நீக்கம்!" என்றார் முதலாளி.

சம்பந்தமூர்த்தி அவர் காதோரம் குனிந்தார். "ஞாயித்துக்கிழமை பைனலுங்க. இவன் இல்லாட்டி நம்ம பொழப்பு நாறிடும்."

குழு ஆழ்ந்து யோசித்தது. பிறகு நீதி வழங்கப்பட்டது: மேற்படி சடையனை உடனடியாக வேலையை விட்டு நீக்குவது, அந்த 'உடனடி' ஞாயிற்றுக்கிழமை கோப்பை வாங்கியபின் அமலுக்கு வருவது.

"ஜெயிச்சா பெர்மனென்ட்டுனு சொன்னீங்களே?" என்றான் சடையன்.

"பெர்மனென்ட்டாத்தான்டா நீக்கறோம்" என்றார் முதலாளி, அன்பாக.

இருந்தாலும் அவன் ஆடினான். கோப்பையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தால் மனசு இளகாதா என்ற நப்பாசை. மூன்று பேர், நாலு பேர் என்று அள்ளிக்கொண்டு வந்தான். ஊர் மைதானம் விசிலடித்தே காது செவிடாயிற்று. கடைசி ஆட்டக்காரரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் விழுந்தபோது, ஜனங்கள் அவனை அப்படியே அலாக்காகத் தூக்கி மேடையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

மேடையில் 'போதை ஒழிப்போம், உடல் வளர்ப்போம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. அதன் கீழே குழு. வெற்றி நிச்சயம் என்று தெரிந்ததுமே சிகிச்சை ஆரம்பமாகிவிட்டதால், முதலாளி மைக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். சடையனுக்கு மாலை போட்டார். மாலை கம்பிக்கும் சேர்ந்து விழுந்தது.

"இந்த மாவீரன் ஜெயிச்சிட்டான்! ஆனா கஞ்சா இழுத்தவன். அதனால இந்த நிமிஷத்துலேர்ந்து இவனுக்கு வேலை இல்லை! ஒழுக்கம் வாழ்க!"

பரிசு ஏதோ அறிவிக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. ஒருவர் மட்டும் கைதட்டாமல் மேடைப் படி ஏறி வந்தார். தருமன். சடையனுக்கு அந்த மேடை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"மாப்ள, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இழுத்தியா?"

மைக் திறந்தே இருந்தது. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"இழுத்தேன் மாமா. அன்னிக்கி மத்தியானம். ரெண்டே இழுப்பு."

"அப்பறம்?"

"தொடல மாமா. இனிமேலும் தொட மாட்டேன். கஸ்தூரி மேல சத்தியம்."

தருமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்து மண்ணை அழுத்தித் துடைத்தார்.

"தப்புதான். ஒத்துக்கிட்ட இல்ல, போதும். கீழ எறங்கு. நாளைக்கிப் பத்திரிகை அடிக்கக் குடுத்துடறேன். வேலை வேற பாத்துக்கலாம்."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. மைக் கம்பியோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, டாக்டர் தாங்கிப் பிடிக்க, நிமிர்ந்து கேட்டார்: "யோவ் பெரியவரே! போதைல கெடந்தவனுக்கா பொண்ணு குடுக்கிற?"

தருமன் படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"இவருக்கு அன்னிக்கி ராத்திரியே தெளிஞ்சிடுச்சிங்க. உங்களுக்கு எப்பங்க தெளியும்?"