சகாயநாதன் எடுத்த தலைக்கணக்கு

"கத்தரிக்கோல் எங்க?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. மீசை உதட்டுக்குக் கீழே இறங்கி, காப்பியை முதலில் அதுதான் குடித்துக்கொண்டிருந்தது. சகாயநாதன் கண்ணாடி முன்னால் நின்றபடி மறுபடியும் கத்தினார்.

"ரோசா வாங்கிட்டுப் போனா," என்று அடுப்படியிலிருந்து ஞானமேரியின் குரல் வந்தது.

"எதுக்கு?"

"நான் கேக்கலியே."

"ஒருத்தி வந்து கத்தரிக்கோல் கேட்டா, எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"எதையாவது வெட்டத்தான் கேட்டிருப்பா."

சகாயநாதனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். புதுச்சேரி சுகாதார ஆபீசில் குமாஸ்தா அவர். அம்மை குத்த வேண்டியவர்களின் பெயர் ஜாபிதா எழுதுவதுதான் வேலை. அவர் நோட்டில் பெயர் ஏறினால் மறுநாள் ஆபீசிலிருந்து ஊசியோடு ஆள் வந்துவிடும். ஆபீஸ் வேலையைவிடச் சந்தேகப்படுவதில் அவருக்குத் திறமை அதிகம். பால் தண்ணீராக வந்தால் பேசாமல் குடித்துவிடுவார். கெட்டியாக வந்த அன்றுதான், இதில் என்ன கலந்தான் என்று பால்காரனை நிறுத்திவைத்துக் கேட்பார்.

இந்தத் தடவை சந்தேகம் கப்பலேறி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆபீசில் யூஜின் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் முழுக்க வெள்ளைக்காரிகள். ஒருத்திக்கும் காதுக்குக் கீழே முடி கிடையாது.

"குட்டை முடி திரும்பி வருதான்னு எழுதியிருக்கான், முசியே சகாயநாதன். ஜெர்மன்காரன் சண்டை முடிஞ்ச புதுசுல எல்லாரும் வெட்டிக்கிட்டாங்க இல்ல? அப்புறம் வளத்தாங்க. இப்ப மறுபடியும் வெட்டப் போறாங்களாம்."

"வருதுங்கறானா, வரலைங்கறானா?"

"கேள்விக்குறி போட்டிருக்கான்."

"அப்படின்னா?"

"பாரிசுல கேள்விக்குறி போட்டா, ஆறு மாசத்துல இங்க வந்து எறங்கிடும்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு யூஜின் பத்திரிகையை மடித்தார்.

அன்று முதல் சகாயநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் ஞானமேரியின் கூந்தல். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் அவர் பார்த்தது அவள் முகத்தை இல்லை. முக்காட்டுக்குக் கீழே தொங்கிய அந்தப் பின்னலைத்தான். பன்னிரண்டு வருஷமாக அதை ஒருநாள்கூட அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடுமோ என்று அதிலும் ஒரு சந்தேகம்.

இப்போது வீட்டுக் கத்தரிக்கோல் பக்கத்து வீட்டில். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா?

பூசையை மறந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ரோசா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கத்தரிக்கோலா அண்ணே? இதோ எடுத்தாறேன். பாப்பா கோயில்ல முதல் நன்மை வாங்கறப்ப போடுற கவுன் வெட்டிட்டு இருந்தேன்."

கவுனாம்! சகாயநாதன் துண்டையே உற்றுப் பார்த்தார்.

"ரோசா, அந்தத் துண்டைக் கொஞ்சம் அவுத்துக் காட்டேன்."

"எதுக்கு அண்ணே?"

"சும்மா. தலையைப் பாக்கணும்."

அவள் முகம் வெளிறியது. மறுக்கத் தைரியமில்லாமல் துண்டை அவிழ்த்தாள். ஈரக் கூந்தல் சரிந்து இடுப்பு வரை இறங்கியது. அவள் கை தன்னையறியாமல் காதோரம் சொறிந்தது. சகாயநாதன் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் நோட்டை எடுத்து, 'ரோசா. முடி இருக்கிறது. ஆனால் பதற்றம்' என்று எழுதிக்கொண்டார்.

"எழுதிக்கிட்டீங்களா அண்ணே?"

"ஆமா. நீ ஒண்ணும் பயப்படாதே."

மறுநாள் சாயங்காலம் அவர் ஆபீஸ் விட்டு வந்தபோது ரோசா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். முக்காடு காற்றில் விலகியது. முடி கழுத்தோடு நின்றிருந்தது.

சகாயநாதன் வீட்டுக்குள் ஓடினார். "பாத்தியா ரோசாவை? நான் சொல்லல?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே," என்றாள் ஞானமேரி. "பாவம், எவ்ளோ முடி! எதுக்குடி வெட்டிக்கிட்டேன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டு அழுதுகிட்டே உள்ள போயிட்டா."

"அழுவா, அழுவா. எல்லாம் வேஷம்."

"என்ன வேஷம்?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு."

இவளிடம் பேஷன் என்ற வார்த்தையை எடுப்பதே ஆபத்து. தெரியாமல் இருந்தால், தெரியாமலேயே இருக்கட்டும். வியாதியைத் தெருவிலேயே தடுத்துவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வாய்க்காலோரம் பூவரச மரத்தடிக்குப் போனார். அங்கே நாவிதர் மண்ணாங்கட்டி ஒருவர் முகத்துக்குச் சோப்புப் போட்டு மழித்துக்கொண்டிருந்தார்.

"மண்ணாங்கட்டி, உன்கிட்ட பொம்பளைங்க யாராவது வந்தாங்களா?"

மண்ணாங்கட்டியின் கையிலிருந்த கத்தி நின்றது. "ஐயையோ, நான் பொம்பளைங்க தலையைத் தொட்டதே இல்ல சாமி!"

"வந்தா வெட்டுவியா?"

"இன்னா சாமி இப்படிக் கேக்கறீங்க? உத்தரவுன்னா வெட்டித்தானே ஆவணும்?"

'உத்தரவு' என்று மண்ணாங்கட்டி சொன்னதை சகாயநாதன் கவனிக்கவில்லை. அவர் மனம் வேறு கணக்கில் இருந்தது. இந்த பேஷன் எவ்வளவு வேகமாகப் பரவும்?

"ஒரு நாளைக்கு எத்தினி தலை உன்னால வெட்ட முடியும்?"

"கிராப்புன்னா இருவது. மொட்டைன்னா முப்பதுகூட அடிச்சுடலாம்."

"உன்னைப் போல இந்த ஊர்ல எத்தினி பேர் இருக்கீங்க?"

மண்ணாங்கட்டி விரல் விட்டு எண்ணிப் பதினாலு என்றார். சகாயநாதன் நோட்டில் பெருக்கிப் பார்த்தார். பாதிச் சோப்போடு உட்கார்ந்திருந்த கோடிவீட்டுக்காரர், சவரம் முடியுமுன்பே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.

புதன்கிழமை கோடிவீட்டு லட்சுமியின் கூந்தல் போயிற்று. கூடவே அவள் நாத்தனாருடையதும் போயிற்று.

சகாயநாதன் ஆபீசில் யூஜினிடம் ரகசியமாகச் சொன்னார்: "வந்துடுச்சு."

"எது?"

"அந்தக் கேள்விக்குறி. ஆறு மாசம்னு சொன்னீங்க. ஆறு நாளு ஆவல."

"ஓலாலா!" என்று யூஜின் வாயைப் பிளந்தார். "நம்ம ஊருப் பொம்பளைங்களா? வெள்ளைக்காரத் தெருவுலயே இன்னும் யாரும் வெட்டிக்கலியே!"

வெள்ளைக்காரிகளை முந்திக்கொண்டு லட்சுமி எப்படி வெட்டிக்கொண்டாள்? யாரோ பின்னால் இருந்து இதை நடத்துகிறார்கள். அந்த ஆள் யாரென்று கண்டுபிடித்தே தீர வேண்டும்.

வியாழக்கிழமை பூக்காரி சின்னப்பொண்ணைத் தெருமுனையில் மடக்கினார். வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வந்து, அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பூ கொடுக்கிறவள் அவள்.

"சின்னப்பொண்ணு, எனக்கு ஒரு உதவி செய்யணும். ஒவ்வொரு வூட்டுலயும் பூ குடுக்கறப்ப பொம்பளைங்க தலையை நல்லாப் பாரு. எவளுக்கு எவ்ளோ முடி இருக்குது, எவ தலையை மூடி மறைக்கிறா, எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லு."

சின்னப்பொண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குங்கய்யா?"

மனைவிமேல் சந்தேகம் என்று பூக்காரியிடம் சொல்ல முடியுமா? சகாயநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆபீஸ் விஷயம்."

"ஆபீசா?"

"ஆமா. ரகசியம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

சின்னப்பொண்ணு கூடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என் தலையில ஒண்ணும் இல்லீங்கய்யா, சத்தியமா!" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒண்ணும் இல்லை என்று எதற்குச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவளைப் பற்றியும் நோட்டில் ஒரு வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமைக்குள் தெருவில் பதினோரு பேர் கழுத்தளவு முடியோடு நடமாடினார்கள். நடமாடினார்கள் என்பதுகூடச் சரியில்லை. அவரைக் கண்டால் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். படார் படாரென்று கதவுகள் சாத்திக்கொண்டன. குற்றம் செய்தவர்கள்தானே ஓடுவார்கள் என்று சகாயநாதன் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

ஞானமேரியின் கூந்தல் மட்டும் பத்திரமாக இருந்தது. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது.

"குழாயடிக்கு நான் போனா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க. நான் என்ன பண்ணேன்?"

"நீ அவங்க கட்சியில சேரலைன்னு கோவம்."

"எந்தக் கட்சி?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அவள் உண்மையிலேயே விழித்தாள். அந்த விழிப்பு அவரை இன்னும் கலக்கியது. ஒரேயடியாக வெட்டினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று தினமும் ஒரு விரற்கடை வெட்டுகிறாளோ?

சனிக்கிழமை மத்தியானம் ஞானமேரி பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னல் தரையில் நீளமாகக் கிடந்தது. சகாயநாதன் ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு, உச்சந்தலையிலிருந்து அளக்க ஆரம்பித்தார். இரண்டு முழம் தாண்டி நுனிக்கு வரும்போது ஞானமேரி கண்ணைத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?"

கயிறு கையில் இருந்தது. நோட்டு மடியில் இருந்தது. பென்சில் வாயில் இருந்தது.

"ஆபீஸ் வேலை," என்றார்.

ஞானமேரி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ தெருவுல இருக்கிற எல்லார் தலையையும் நீங்க பாத்து எழுதறதும் ஆபீஸ் வேலைதானா?"

இந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வார், அந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வார். "ஆமா," என்றார்.

"என் தலையுமா?"

"உத்தியோகத்துல இருக்கிறவனுக்கு தன் பொண்டாட்டி, ஊரான் பொண்டாட்டின்னு வித்தியாசம் கிடையாது."

சொன்னபிறகு அது கொஞ்சம் கம்பீரமாகவே இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஞானமேரி பின்னலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தாள். தன் திட்டம் வெளிப்பட்டுவிட்டது என்று பயந்துவிட்டாள், இனிமேல் வெட்ட மாட்டாள் என்று சகாயநாதன் நிம்மதியாகக் கயிற்றைச் சுருட்டினார்.

மறுநாள் தலைவலி என்று அவள் பூசைக்கு வரவில்லை. அவர் தனியாகப் போனார். கோயிலில் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை எந்த வரிசைக்குப் போனதோ அந்த வரிசையில் முக்காடுகள் சர்ரென்று நெற்றி வரை இறங்கின. வரிசை வரிசையாக இறங்கின. எண்ண முடியாமல் விட்டுவிட்டார். கோயிலுக்குள்ளேயே பாரிஸ் வந்துவிட்ட பிறகு ஒரு குமாஸ்தா என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்தபோது ஞானமேரி மாதா படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்குள் சுருட்டிவைத்த பின்னல். தலையில் கழுத்தளவு முடி கோணல்மாணலாக நின்றது.

சகாயநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீயுமா?"

"நானேதான் வெட்டிக்கிட்டேன். வேற யாரையும் கை வைக்க விட மனசு வரல."

"உனக்கும் பாரிஸ் ஆசை வந்துடுச்சா?"

"பாரிசா?" ஞானமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எனக்கு எந்த ஆசையும் இல்ல. கயிறு போட்டு அளந்தீங்களே, அதுக்கப்புறமும் நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?"

"அது நீ வெட்டாம இருக்கணுமேன்னு அளந்தது! உன் முடின்னா எனக்கு எவ்ளோ புடிக்கும் தெரியுமா? உன்னைக் கட்டிக்கிட்டதே அதைப் பாத்துத்தான்!"

 பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் இப்படிப் பேசுகிறார்.

"இதை நேத்து மத்தியானம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

வாசலில் யாரோ இருமினார்கள். சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரோசா, லட்சுமி, லட்சுமியின் நாத்தனார் என்று தெருப் பெண்கள் எல்லோரும் கும்பலாக நின்றார்கள். சின்னப்பொண்ணு விற்காத பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டை எடுத்தாள். அவள் தலையிலும் முடி கழுத்தோடு நின்றது.

வீராம்பட்டினத்துப் பூக்காரி வரைக்குமா! சகாயநாதன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சின்னப்பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, ஒருத்தி பாக்கியில்லாம எல்லாரும் நாங்களே கழுத்தோட வெட்டிக்கிட்டோம், இனிமே பேன் பாத்து மொட்டை அடிக்கறதுக்கு உங்க ஆபீசுலேர்ந்து ஆளு அனுப்ப வேணாம்னு தொரைகிட்ட சொல்லிடுங்க!"