பூஞ்சோலை நகரின் முன்னாள் தலைவர்

கோவில்பட்டியை மாநகரமாக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். என்ன ஒன்று, அதைப் பற்றி அவர் கோவில்பட்டியிடம் கலந்து பேசவில்லை.

அவரை நாங்கள் நகர் அண்ணாச்சி என்போம். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில், பண்டல்களை வடக்கே அனுப்பும் பிரிவு அவருடையது. பக்கத்திலிருக்கும் சாத்தூரைத் தாண்டி அவர் வடக்கே போனதில்லை. ஆனால் பண்டல் மேல் ஒட்டும் விலாசங்களையும், லாரி டிரைவர்கள் அளக்கும் கதைகளையும் வைத்துக்கொண்டு நாக்பூரில் பிறந்து வளர்ந்தவர் போலப் பேசுவார். டீக்கடை வாசலில் சாக்கடை தேங்கி நின்றால் போதும், "நாக்பூர்ல இப்படி விடுவாம்னு நெனைக்கியா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் கடைக்காரர் பொறுக்க முடியாமல், "அப்ப டீயையும் அங்கனயே குடிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கழுகுமலை ரோட்டில் பூஞ்சோலை நகர் உதயமானது. பூவும் கிடையாது, சோலையும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. அதில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை ஊன்றி, வாசலில் ஒரு வளைவும் கட்டி மனை விற்றார்கள். பேருந்து நிலையம் கூப்பிடு தூரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கூப்பிடுகிறவர் தொண்டையைப் பொறுத்து அது உண்மையாகவும் இருக்கலாம்.

மனை வாங்கியவர்கள் எல்லாரும் கல்லைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் வீடு கட்டிக் குடியேறினார். நாலா பக்கமும் வேறு கூரையே கிடையாது. ஆனாலும் வாசலில் கதவு எண், குறுக்குத் தெரு, பிரதான சாலை என்று எழுதிப் பலகை மாட்டிவிட்டார். ஆடு மேய்ப்பவர்கள்கூட, "மூணாவது குறுக்குத் தெருவுல ஒரு குட்டியக் காணலை" என்று பேச ஆரம்பித்தார்கள்.

அதுவரை அந்த நிலத்தை உழுது பயிர் செய்து, பிறகு விற்ற சம்சாரிக்கு மனசு கேட்கவில்லை. மழை பெய்ததும் சிறுவர் பூங்கா என்று பலகை வைத்திருந்த இடத்தில் உளுந்து விதைத்துவிட்டார். அண்ணாச்சி கொதித்துப் போனார்.

"இது பார்க்குன்னு போட்டிருக்குல்லா? எப்படிய்யா விதைக்கலாம்?"

"பார்க்குன்னா பச்சையா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? பச்சையாத்தான இருக்கு? பிள்ளைக வரட்டும், புடுங்கிருதேன்."

பிள்ளைகள் வருகிற வழியாக இல்லை. உளுந்துதான் அமோகமாக விளைந்தது.

அடுத்து அண்ணாச்சி குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் அவருடைய மனைவி. பொருளாளர் பதவிக்குத் தகுதியான ஆள் அமையவில்லை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குச் சொந்த ஊர் புதியம்புத்தூர். அங்கே ரெடிமேட் துணி வியாபாரம் செய்யும் தன் அண்ணனுக்கு, வீட்டிலிருந்தே உள்பாவாடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தைத்த மூட்டையைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வெகுதூரம் போகவேண்டும். கோடையில் அண்ணாச்சி சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விடுவார். மழைக்காலத்தில் சக்கரத்தில் கரிசல் மண் அப்பிக்கொண்டு உருளாது. அப்போது மூட்டை மதினி தலையிலும் சைக்கிள் அண்ணாச்சி தலையிலும் போகும்.

இப்படி இருக்கையில் மறு வருஷம் ஆவணியில் சங்கத் தேர்தல் வந்தது. மதினி தலைவர் பதவிக்கு நின்றார். அண்ணாச்சி பெருந்தன்மையாக மதினிக்கு ஓட்டுப் போட்டார். மதினியும் மதினிக்கே போட்டார். அண்ணாச்சி ஏகமனதாகத் தோற்றார்.

புதிய தலைவர் பதவியேற்ற கையோடு சொன்னார்: "தீவாளிக்குள்ள இங்கன பஸ்ஸு நிக்கணும். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பகல் பூரா ஒரு மனுசமக்க முகத்தைப் பாக்காம என்னால இருக்க முடியாது."

மதினி சொன்னால் செய்கிறவர். அண்ணாச்சிக்கு அது தெரியும். மறுநாள் ஆபீசில் அவர் நாக்பூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கே பயமாகிவிட்டது.

ஓடுகிற பஸ்ஸை மறித்துக் கேட்டுப் பார்த்தார். "ஒத்த வீட்டுக்கு எப்படி அண்ணாச்சி பிரேக் போட?" என்றார் டிரைவர். அதுவும் நியாயம்தான். பிறகு டெப்போவுக்கு நடையாய் நடந்து, அங்கிருந்த அதிகாரி ஒருவர், "வாரேன்யா, வந்து பாக்குதேன், ஆளை விடும்" என்று சொல்லும்வரை ஓயவில்லை. அவர் வந்து பார்க்கும்போது ஆள் வேண்டுமே? ஆபீசில் இருந்த எங்களையெல்லாம் குடியிருப்போராக வரச் சொல்லிக் கெஞ்சினார். மதினிக்காகப் போனோம்.

ஐப்பசி மழை பெய்து வெறித்த நாள் அது. ஜீப்பில் வந்த அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் குடியிருக்கீங்களா?"

"ஆமா சார்" என்றோம் கோரஸாக.

"உம்ம வீடு எது?" என்று என்னைக் கேட்டார். நான் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். காட்டிய இடத்தில் ஓர் ஆடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "கட்டிக்கிட்டிருக்கோம் சார்" என்றேன். கூட்டத்தோடு கூட்டமாகச் சம்சாரியும் நின்றார். அவரையும் கேட்டார். "எனக்கு வீடு ஊருக்குள்ள இருக்கு சாமி. இங்கன பார்க்குதான் இருக்கு."

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பில் ஏறப் போனார். அண்ணாச்சி விடவில்லை. பிரதான சாலையையும், தபால் நிலையம் வரப்போகும் இடத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஜீப்பை உள்ளே விடச் சொன்னார். கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர் பாவம், விட்டார். தபால் நிலையத்துக்கு நேராக ஜீப் அச்சு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் தள்ளினோம். பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி மேல் சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மீசை எல்லாம் ஒரே கறுப்பு. மண் அப்பிய செருப்பு ஆளுக்கு ஒரு சாண் உயரம் கூட்டிக் கொடுத்தது.

மதினி வெந்நீர் கொடுத்துக் காலைக் கழுவச் சொன்னார். உளுந்த வடையும் டீயும் கொடுத்தார். வடை எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

"போன வருசம் பார்க்குல விளைஞ்சது சார்" என்றார் சம்சாரி.

ஜீப் அசைகிற வழியாக இல்லை. அதிகாரி எங்களோடு தார் ரோட்டுக்கு நடந்தார். தூரத்தில் பஸ் வந்தது. அவருடைய டெப்போ பஸ்தான். மிடுக்காகக் கையைக் காட்டினார். சேறு பூசிய ஒரு கூட்டம் ரோட்டோரம் நிற்பதை டிரைவர் பார்த்தார், ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கண்டக்டர் மட்டும் தலையை நீட்டி, "இங்கன ஸ்டாப் கெடையாது, நடந்து வாங்கய்யா" என்றார்.

"ஏலே, நான் யாருன்னு தெரியுமால?" என்று அதிகாரி கத்தும்போது பஸ் மேட்டைத் தாண்டிவிட்டது.

அண்ணாச்சி பணிவாக, "இதத்தான் சார் நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். எங்களோடு அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் வளைவுக்கு எதிரே பஸ் நிறுத்தப் பலகை வந்து நின்றது.

முதல் பஸ்ஸுக்கு அண்ணாச்சி மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். நாங்கள் கை தட்டினோம். மதினி துணி மூட்டையோடு ஏறினார். தோளில் பெரிய பை ஒன்றும் தொங்கியது. "அது என்ன பை?" என்று அண்ணாச்சி கேட்டார். "சும்மாதான்" என்றார் மதினி. விசில் கொடுத்தார்கள், பஸ் போய்விட்டது.

"வாங்க அண்ணாச்சி, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றேன்.

"நீ போ. பின்னாலயே வாரேன்."

அன்று முழுக்க அவர் வரவில்லை. சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போனேன். காலையில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"பஸ் நிக்காம இருந்த வரைக்கும் அவளால நெனச்ச மாத்திரத்துல போக முடியாதுல்லா? இப்பந்தான் எனக்குப் புத்தியில ஏறுது. நானே நாயா அலைஞ்சு வழி பண்ணிக் குடுத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. அவரோடு நானும் நின்றேன். ஒரு பஸ் நிற்காமல் போயிற்று. இறங்க ஆளில்லை போல. இருட்டுகிற நேரத்தில் இன்னொன்று வந்து நின்றது. மதினி இறங்கினார். பை நிறையப் பலகாரமும், அண்ணாச்சிக்குத் தீபாவளிச் சட்டையும் இருந்தன.

"காலையில இருந்து இங்கனயேவா நிக்குதீங்க?"

"பஸ்ஸெல்லாம் ஒழுங்கா நிக்குதான்னு யாராவது பாக்கணும்லா. தலைவர் நீ பாட்டுக்குப் போயிட்ட."

மதினி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அண்ணாச்சி அதைச் சுமந்துகொண்டு, சேற்றில் செருப்பை இழுத்து இழுத்துப் பின்னாலேயே போனார். பூஞ்சோலை நகரின் மொத்த ஜனத்தொகையும் பத்திரமாக வீடு போய்ச் சேரும் வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு பிடிக்கும்.